அடுக்கி வைப்பது மட்டுமா அக்கறை?

ஒழுங்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது வரிசை. நூலக அலமாரியில் எண் வாரியாக நிற்கும் நூல்கள், மளிகைக் கடையில் பெயர் எழுதி அடுக்கிய டப்பாக்கள், பள்ளி மைதானத்தில் உயர வாரியாக நிற்கும் பிள்ளைகள் - இவைதாம் ஒழுங்கின் அடையாளங்கள். சிதறிக் கிடப்பது சோம்பல். சேர்த்து அடுக்குவது அக்கறை என்று சிறு வயது முதலே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நல்ல பாடந்தான். ஆயினும் எல்லாப் பொருளுக்கும் இந்த ஒரே அளவுகோல் பொருந்துமா என்ற கேள்வியை, என் மேசைமீதுள்ள கணிப்பொறி சில ஆண்டுகளுக்கு முன் எனக்குள் எழுப்பியது. கேள்வி மிகச் சிறியது. இன்றைய கணிப்பொறிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்னும் நினைவகத்தைப் பழைய வன்தட்டைப் போல் அவ்வப்போது 'டிஃபிராக்' செய்து அடுக்க வேண்டுமா, வேண்டாமா? விடையைத் தேடிச் சென்றபோதுதான் அது கணிப்பொறியோடு நின்றுவிடும் கேள்வி அல்ல என்று உணர்ந்தேன்.

வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த எங்கள் தாயில்பட்டி, பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர். கரிசல் மண்ணில் மழையை நம்பி விதைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று திரியையும் மருந்தையும் நம்பி வாழ்கின்றனர். அருகிலுள்ள சிவகாசியோ தீப்பெட்டியோடும் பட்டாசோடும் அச்சுத் தொழிலையும் வளர்த்தெடுத்த நகரம். 1990-களின் பிற்பகுதியில் அந்நகரத்து அச்சகம் ஒன்றில் கணிப்பொறி அச்சுக்கோப்புப் பழகிய நான், பின்னர் என் வீட்டு முன்னறையிலேயே ஒரு சிறு தொழிலாக அதை அமைத்துக்கொண்டேன். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவையே என் அன்றாட வேலை. இவற்றுள் கடைசியாகச் சொன்ன வேலைக்கு எங்கள் பகுதியில் பருவம் என்பதே இல்லை. இவ்வாறு ஊராரின் முகங்கள் ஆண்டுக்கு ஆண்டு என் கணிப்பொறியில் சேர்ந்துகொண்டே வந்தன. சில குடும்பங்களுக்கு மறைந்தவரின் தெளிவான படம் என்று இருப்பது என்னிடமுள்ள அந்த ஒன்றுதான். ஆகவே நினைவகத்தைப் பேணுவது எனக்குத் தொழில்நுட்பம் மட்டுமன்று. பிறர் என்னை நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் கடமையுமாகும்.

அன்று அச்சகத்தில் வாரத்திற்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், ஒரு வேலை தவறாமல் நடக்கும். விண்டோஸ் 98-இல் இருந்த டிஃபிராக் செயலியை ஓட்டிவிட்டு அமர்ந்திருப்போம். திரை முழுவதும் சிறு சிறு வண்ணக் கட்டங்கள். ஒவ்வொன்றாக அவை இடம்பெயர்ந்து, இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேரும். நடுவில் வேறு செயலி ஏதேனும் தட்டில் எழுதிவிட்டால், உள்ளடக்கம் மாறிவிட்டது என்று கூறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மின்சாரம் போய்விடக் கூடாதே என்ற கவலை வேறு. எல்லாம் முடிந்து கட்டங்கள் ஒரே நிறமாய் நிறைந்து நிற்கும்போது, வீட்டைப் பெருக்கி மெழுகிக் கோலமிட்ட நிறைவு மனத்தில் தோன்றும்.

அந்த நிறைவு வெறும் மயக்கமன்று. வன்தட்டு என்பது உண்மையிலேயே சுழலும் தட்டு. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன; அத்தனையும் சேர்ந்து கொண்ட எழுத்துகள் ஏறத்தாழ 50 இலட்சம். உருவம் சிறுத்து, கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகிய பின்னும் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின்மேல் ஒரு மெல்லிய கை அசைந்து அசைந்து தகவலைத் தேடும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டில், கை உரிய தடத்தை அடையச் சுமார் 9 மில்லி விநாடி. தேவையான இடம் சுழன்று கைக்கு அடியில் வரச் சராசரியாக 4 மில்லி விநாடி. ஒரு கோப்பு நூறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், தேடி அலைவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். பல படங்கள் கொண்ட சுவரொட்டி ஒன்றைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வந்த காலம் அது. அதனால்தான் 1993-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6-லேயே துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் செயலி இடம்பெற்றது. அந்தப் பாத்திரத்திற்கு அந்த அக்கறை மிகப் பொருத்தம்.

பாத்திரம் மாறியது எப்படி? ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987-இல் அதன் 'நேண்டு' வகையையும் உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் நின்ற பின்னும் நினைவை இழக்காத சில்லு அது. இன்றைய எஸ்.எஸ்.டி. அந்தச் சில்லுகளால் ஆனது. அதில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை, அசையும் கையும் இல்லை. எந்த இடத்தில் உள்ள தகவலையும் எடுக்க ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ போதும். வன்தட்டில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்த அதே நூறு துண்டுகள், இங்கே நூறில் ஒரு விநாடிக்குள் கைக்கு வந்துவிடும். தேடி அலையும் கை இல்லாதபோது, சேர்த்து அடுக்கிக் கிடைக்கப்போவது என்ன?

பயன் இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எஸ்.எஸ்.டி.க்கு எழுதி அழிப்பதில் ஓர் எல்லை உண்டு. அச்சுத் தொழிலிலிருந்தே இதற்கு உவமை சொல்லலாம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட நாள்களில், பிழையான ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறோர் எழுத்தைச் செருக முடிந்தது. ஆஃப்செட் தகட்டில் அது நடவாது. ஓர் எழுத்தை மாற்றவும் புதுத் தகடுதான் எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் அப்படித்தான். அதன் 'பக்கம்' எனப்படும் சிற்றறைகளில் தகவலை எழுதலாம். எழுதிய பக்கத்தின் மேலேயே மீண்டும் எழுத முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டு முழுவதையும் அழித்த பின்னரே அங்கு மறுபடி எழுத இயலும். ஒவ்வோர் அழிப்பிலும் சில்லு சிறிது தேய்கிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் சேமித்த தொடக்க கால உயர்தரச் சில்லுகள் சுமார் 1,00,000 அழிப்புகளைத் தாங்கின. மூன்று பிட்டுகளை ஓர் அறையில் நெருக்கி வைக்கும் இன்றைய வீட்டு உபயோகச் சில்லுகள் பொதுவாக 1,000 முதல் 3,000 வரையே தாங்கக் கூடியவை.

ஆகவே எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே இடம் மட்டும் தேய்ந்துபோகாதபடி எழுத்து வேலையை எல்லாக் கட்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதுமட்டுமன்று, பல சில்லுகளிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க இயலும் என்பதால், ஒரு கோப்பை வேண்டுமென்றே பல இடங்களில் பிரித்து வைக்கிறது. கணிப்பொறிக்கு அது தருவது கதவு எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய வீடு எந்தச் சில்லில், எந்தக் கட்டில் உள்ளது என்பது அதற்கு மட்டுமே தெரியும். டிஃபிராக் செயலி திரையில் காட்டும் அழகிய வண்ணக் கட்டங்கள் அந்தக் கதவு எண்களின் வரிசைதான். வீடுகளின் வரிசை அன்று. எண்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன என்று நாம் மகிழ்ந்திருக்கும் வேளையில், உள்ளே தகவல் முன்போலவே பல திசைகளில் பிரிந்து கிடக்கும். நாம் செய்து முடித்தது வீண் எழுத்தும் வீண் அழிப்பும் மட்டுமே.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டாசு ஆலை ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வன்தட்டுக் கணிப்பொறி வைத்திருந்த நாள்களில் வாரந்தோறும் டிஃபிராக் செய்யத் தவறாதவர். மகன் வாங்கித் தந்த புதிய மடிக்கணினியில் பழைய வண்ணக் கட்டங்கள் வரவில்லை என்று, இணையத்தில் கிடைத்த வேறொரு செயலியை நிறுவிக்கொண்டு தம் வழக்கத்தைத் தொடர்ந்தார். அது தேவையில்லை என்று நான் சொன்னபோது அவருக்கு ஏற்கவில்லை.

"ஏன் தம்பி, அடுக்கி வச்சா கெட்டாபோகும்? பேரேட்டைக் கலைச்சுப் போட்டா கணக்கு நிக்குமா?" என்றார்.

"அண்ணாச்சி, இது பேரேடு மாதிரி இல்லை. பிரிஞ்சு இருந்தாத்தான் இதுக்கு நல்லது" என்று கூறி, மேலே எழுதியவற்றை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். சற்று நேரம் யோசித்தவர், தாமாகவே ஓர் உவமையைக் கண்டெடுத்தார்.

"அப்படின்னா நம்ம ஆலை மாதிரின்னு சொல்லு. மருந்து கலக்குற அறை ஒரு பக்கம், செலுத்துற அறை ஒரு பக்கம், காயப்போடுற மேடை ஒரு பக்கம், கிட்டங்கி ஒரு பக்கம். நடுவுல இடைவெளி விட்டுத்தான் கட்டணும்னு சட்டமே இருக்கு. நடக்கச் சோம்பல்பட்டு எல்லாத்தையும் ஒரே அறையில கொண்டுவந்து அடுக்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?"

அதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது. ஆலையில் பிரித்து வைப்பது உயிரைக் காக்க; எஸ்.எஸ்.டி.யில் பிரித்து வைப்பது தேய்மானத்தைப் பகிரவும் விரைவைக் கூட்டவும். காரணங்கள் வேறு, கற்பிக்கும் பாடம் ஒன்று. அயலான் கண்ணுக்குச் சிதறலாகத் தெரிவது, உள்ளிருப்போர் அறிந்த ஒழுங்காக இருக்கலாம்.

அப்படியானால் எஸ்.எஸ்.டி.க்குப் பராமரிப்பே வேண்டாமா? வேண்டும்; ஆனால் அது வேறு வகையானது. நாம் ஒரு கோப்பை நீக்கும்போது, கணிப்பொறி தன் பதிவேட்டிலிருந்து அதன் பெயரை எடுத்துவிடுகிறது. நினைவகத்திற்கு அது தெரியாது. குடியிருந்தவர் சாவியைக் கொடுக்காமலேயே வீட்டைக் காலி செ்துவிட்டதைப் போன்ற நிலை. ஆள் இருப்பதாகவே எண்ணி, பயனற்ற தகவலையும் நினைவகம் கட்டுக்குக் கட்டு சுமந்து சென்று பாதுகாக்கும். அந்தச் சாவியை ஒப்படைக்கும் ஏற்பாடுதான் 'டிரிம்' என்னும் கட்டளை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 எஸ்.எஸ்.டி.யை அடையாளம் கண்டு, அதற்குரிய தானியங்கி டிஃபிராக்கை நிறுத்திவிட்டு, டிரிம் கட்டளையை அனுப்பத் தொடங்கியது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அச்செயலியின் பெயரே 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று மாறிற்று. வன்தட்டாயின் அடுக்கும், எஸ்.எஸ்.டி.யாயின் காலியான இடங்களை அறிவிக்கும். வழக்கமாக வாரம் ஒருமுறை தானாகவே இது நடைபெறுகிறது.

உண்மையை முழுமையாகச் சொல்வதானால், இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஒரு கோப்பு அளவுக்கு மீறிப் பல்லாயிரம் துண்டுகளானால், அதன் விவரங்களை எழுதிவைக்கும் பதிவேடே தன் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே கணிப்பொறியை முந்தைய நிலைக்கு மீட்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், விண்டோஸ் ஏறத்தாழ மாதம் ஒருமுறை எஸ்.எஸ்.டி.யையும் அளவோடு டிஃபிராக் செய்வதுண்டு என்பது 2014-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களின் விளக்கத்தால் வெளிப்பட்டது. துண்டாதல் எஸ்.எஸ்.டி.யின் வேகத்தையும் ஓரளவு குறைக்கக் கூடும் என்றும், ஒரே சில்லுப் பகுதியில் பல துண்டுகள் மோதிக்கொள்வதே அதற்கு முதன்மைக் காரணம் என்றும் 2024-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். இவை அறிய வேண்டியவை. ஆனால் நாம் கைவைக்க வேண்டியவை அல்ல. எப்போது, எவ்வளவு என்பதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தாமலிருப்பதே நம் பங்கு.

வீண் அச்சமும் வேண்டாம். 500 ஜிபி கொள்ளளவுள்ள சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 180 முதல் 300 டெராபைட் வரை எழுதலாம் எனத் தயாரிப்பாளர்கள் உறுதியளிப்பது வழக்கம். வாரந்தோறும் டிஃபிராக் செய்து 20 ஜிபி தகவலை இடம் மாற்றினாலும், ஆண்டுக்குச் செலவாவது சுமார் 1 டெராபைட்தான். அதனால் கருவி உடனே அழிந்துவிடாது. தீங்கு சிறிது, பயனோ அதனினும் சிறிது. பெரிய ஆபத்து வேறோர் இடத்தில் இருந்தது. பெரியவருக்கு நேர்ந்ததைக் கண்டபோது அதை உணர்ந்தேன்.

அவருடைய துணைவியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகனின் கைப்பேசியில் இருந்த அம்மையாரின் படங்களையெல்லாம் அந்த மடிக்கணினியில் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தார். வேறெங்கும் நகல் இல்லை. ஒரு நகல் எடுத்து வைக்கும்படி நான் சொன்னபோது, "பார்க்கலாம் தம்பி" என்றிருந்தார். விடுமுறைக்கு வந்த பேரன், விளையாட்டொன்றை நிறுவ இடம் தேடி, பெரிதாகத் தெரிந்த அந்தக் கோப்புறையை அடியோடு நீக்கிவிட்டான். மறுநாள் காலை மடிக்கணினியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பல ஆண்டுகளுக்கு முன், அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்றில் இதே போன்ற விபத்து நிகழ்ந்தபோது, ஓர் இரவு முழுவதும் மீட்புச் செயலியை ஓட்டிப் பெரும்பாலான படங்களை நான் எடுத்துக் கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. அந்தக் கணினியில் இருந்தது வன்தட்டு. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கினாலும், வேறொன்று மேலே எழுதப்படும் வரை தகவல் தட்டில் தங்கியிருக்கும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் கட்டளை சாவியை ஒப்படைத்துவிட்டால், பெரும்பாலும் மீட்பு இல்லை. அன்றும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதனுள்ளும் படம் இல்லை.

"வாராவாரம் அடுக்கி வச்சேனே தம்பி" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை.

என் தொழில் நகல்களைத் தேடியபோது, அஞ்சலிச் சுவரொட்டிக்காக மகன் அன்று அனுப்பியிருந்த இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் அம்மையார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கிறார். சுவரொட்டிக்கு முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தோம். முழுப் படத்தில் திண்ணையும் முறமும் இருந்தன. அச்சிட்டுக் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான படங்களுள் எஞ்சியவை அவ்விரண்டே.

அந்தப் பெரியவரிடம் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? வாரந்தோறும் ஒரு மணி நேரம் அவர் தவறாமல் செலவிட்டார். ஆனால் அந்த அக்கறை, பழைய பாத்திரத்திற்கு உரியதைப் புதிய பாத்திரத்தின்மேல் செலுத்திக்கொண்டிருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்னும் நிறைவை அது தந்தது; அந்த நிறைவே, உண்மையில் செய்ய வேண்டியிருந்ததை மறைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒருமுறை வேறொரு கருவியில் நகல் எடுத்திருந்தால் போதும்.

நகல் என்பதிலும் சில நுணுக்கங்கள் உள்ளன. எஸ்.எஸ்.டி.யில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று எண்ணலாகாது. அதில் தகவல் என்பது சில்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் மின்னூட்டம். அது மெல்ல மெல்லக் கசியும். எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி 1 ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறை. புதிய கருவி இதைவிட நெடுநாள் தாங்கும். ஆயினும் வெப்பம் கூடக்கூட அக்காலம் சுருங்கும். எங்கள் கரிசல் காட்டுக் கோடையைக் கேட்க வேண்டுமா? எனவே நீண்ட காலச் சேமிப்புக்கு வெளிப்புற வன்தட்டு ஒன்று. வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகல். மிக அருமையானவற்றுக்குத் தாளில் அச்சிட்ட படம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்த்தல். எஸ்.எஸ்.டி.யில் எப்போதும் சிறிது இடம் காலியாக விடுதல். இவைதாம் இன்றைய கணிப்பொறிக்கு உரிய வீட்டுவேலைகள்.

டிஃபிராக் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, ஆகவே, வேண்டாம் என்பதே. ஆனால் அந்த 'வேண்டாம்' சோம்பலுக்குத் தரும் அனுமதி அன்று. நேற்றைய வழக்கத்தை இன்றும் அப்படியே செய்துகொண்டிருப்பது எளிது. கையில் உள்ள பொருளின் இயல்பை அறிந்து, அதற்கு எது தேவை என்று கேட்டுச் செய்வதே அரிது. பொருள்களுக்கு மட்டுமன்று, நம்மோடு வாழும் மனிதருக்கும் இது பொருந்தும். மூத்த பிள்ளைக்கு உதவிய கண்டிப்பு இளைய பிள்ளையைக் காயப்படுத்தலாம். ஒரு நோயாளிக்கு ஆறுதலான பேச்சு இன்னொருவருக்குச் சுமையாகலாம். நம் அன்பைக் குறித்து ஐயமில்லை. அன்பு செலுத்தப்படுபவர் எத்தகையவர் என்று கேட்டறிந்தோமா என்பதே கேள்வி.

இந்த வாரம் வாசகர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் படங்கள் எவை என்று தேடிப் பார்க்கட்டும். வண்ணக் கட்டங்கள் எதுவும் திரையில் நகரப்போவதில்லை. கோலமிட்ட நிறைவும் கிடைக்காது. ஆனால் என்றேனும் ஒருநாள், ஓர் அம்மையாரின் முகத்தோடு அவர் அமர்ந்திருந்த திண்ணையும் மிஞ்சும்.